என் வீட்டுக்கு நான் போன சுற்றுலா

லாங்விக்,
மே 13, புதன்கிழமை

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய ரக்னா அக்காவுக்கு,

தம்பி தோர்மோட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் யூருனும் நலம். பெர்கனில் உன் முழங்கால், உன் பூனை, உன் சர்ச் பாட்டுக் குழு மூன்றும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் முதுகும் பரிபூரண நலம். அக்கா, இந்தக் கடிதத்தை நான் எழுத வேண்டி வந்ததற்குக் காரணமே என் முதுகு இப்படி நலமாக இருப்பதுதான்.

உட்கார்ந்து படி. வருகிற ஞாயிறு மே பதினேழு. ஊரே கொடியும் கையுமாகத் தெருவில் நிற்கும். ஊர்வலம் முடிந்த கையோடு எதிர்வீட்டு ஒட்வாரோ அவன் மனைவி தூராவோ, தேசிய நாள் வாழ்த்துச் சொல்கிற சாக்கில் உனக்கு ஃபோன் செய்வார்கள். நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘ஆமாம், தோர்மோட் பன்னிரண்டு நாளும் பெர்கனில்தான் இருந்தான். முதுகுக்கு வைத்தியம் நடந்தது. நான் தினமும் மீன் சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன்.’ மூன்றே வாக்கியம். மீன் சூப் உனக்கு உறுத்தினால் அதை விட்டுவிடு, இரண்டே வாக்கியம். நீ பொய் சொல்லாதவள் என்பது எனக்குத் தெரியும். துடுப்பை உடைத்தது யார் என்று அப்பா கேட்டபோது, அவர் கேட்டு முடிப்பதற்குள் என் பக்கம் விரலை நீட்டியவள் நீ. அப்போது உனக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு. அதற்கு ஈடாக இந்த ஒரு உதவியைச் செய்துவிடு என்று கேட்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் நிஜமாக எங்கே இருந்தேன் என்று சொன்னால் நீ கடிதத்தைக் கிழித்துவிடுவாய். அதனால் மெதுவாகச் சொல்கிறேன். கப்பலில் இருந்தேன். ஆமாம், அந்த மாதிரிக் கப்பல்தான். பெர்கன் துறைமுகத்துக்குள் வரவே கூடாது என்று நீ வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாயே, எதிர்ப்பு வாசகம் எழுதி ஜன்னலில் படுதா கட்டினாயே, அந்தப் பதினான்கு மாடிப் பிசாசு. ஆசைப்பட்டது நான் இல்லை, யூருன். முப்பத்தெட்டு வருஷம் கார் ஏற்றும் ஃபெர்ரியில் வேலை பார்த்தவனுக்குக் கடலில் என்ன புதுசு, ஒரே ஃபியோர்டுக் கடல்கழியை ஒன்றரை லட்சம் தடவை கடந்துவிட்டேன் என்றேன். “நீ கடந்தே. நான்? உன்னைக் கட்டிக்கிட்டு நான் பார்த்த வெளிநாடு எதிர்க்கரைப் பெட்ரோல் பங்க்தான்” என்றாள். அன்றைக்கே, ஜெர்மனியில் கீல் நகரில் ஏறி, கோபன்ஹேகன், தாலின், ரீகா, அப்புறம் மேற்கே திரும்பி ஷெட்லாந்து தீவுகள் என்று பன்னிரண்டு நாள் பயணத்துக்குச் சீட்டுப் பதிவு செய்துவிட்டாள்.

பதிவு செய்து இரண்டு நாள் கழித்துத்தான் நான் காலண்டரைப் பார்த்தேன். பயணத்தின் ஒன்பதாம் நாள், மே ஒன்பது, சனிக்கிழமை, எங்கள் தெருவின் வசந்தகால டுக்னாட். உனக்குத் தெரியாதா, பதினேழாம் தேதிக்கு முன்னால் தெருக்காரர்கள் எல்லாரும் கூடி, கூலி கிடையாது, சாக்குப்போக்கும் கிடையாது, சருகு வாரி, வேலிக்குப் பெயின்ட் அடித்து, கடைசியில் வாஃபிளும் காபியும் சாப்பிட்டுக் கலைகிற நாள். ஒருத்தன் சர்ச்சுக்குப் போகாமல் இருக்கலாம், ஓட்டுப் போடாமல் இருக்கலாம். டுக்னாட்டுக்கு வராவிட்டால் அவனை மனிதனாக மதிக்க மாட்டார்கள். அந்த மதிப்பைக் கட்டிக் காக்கிற பொறுப்பு இருபது வருஷமாக என்னிடம் இருக்கிறது. வருகைப் பட்டியல் எழுதுவது நான். வராதவர்கள் பெயரைத் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டுவதும் நான். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. போன வருஷம் ஒட்டிய காகிதத்தில் ஒரே ஒரு பெயர்தான். ‘வராதவர்: ஒட்வார். காரணம்: ஸ்பெயினில் வெயில் காய்தல்.’ மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது. மழையில் எழுத்து கலங்கியபோது நானே போய்ப் புதிதாக எழுதி ஒட்டினேன். அன்றிலிருந்து ஒட்வார் என்னோடு பேசுவதில்லை.

இப்படிப்பட்ட நான், உல்லாசக் கப்பலில் ஊர் சுற்றப் போகிறேன், டுக்னாட்டுக்கு வர முடியாது என்று எந்த வாயால் சொல்வது? தூராவை ரொட்டிக் கடையில் பார்த்தபோது, லேசாக முதுகைப் பிடித்துக்கொண்டு, பெர்கனுக்கு வைத்தியத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். அவ்வளவுதான் நான் சொன்னது. மறுநாள் தபால்காரர் தண்டுவடமா என்று கேட்டார். அதற்கடுத்த நாள் பாதிரியார் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். இல்லை, சாதாரண முதுகுவலிதான் என்று நான் சொல்லச் சொல்ல, எவ்வளவு தைரியசாலி என்று ஊர் என்னைப் பார்த்தது. யூருனுக்கு இது எதுவுமே தெரியாது. டுக்னாட்டுக்கு முறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்று அவளிடம் வேறொரு பொய் சொல்லியிருந்தேன்.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்லி உன் ரத்தக் கொதிப்பை ஏற்ற விரும்பவில்லை. முதல் நாளே உயிர்காப்புப் பயிற்சியில், லைஃப் ஜாக்கெட் வாரைத் தப்பாகக் கட்டுகிறீர்கள் என்று கப்பல் அதிகாரியைத் திருத்தப் போய், எனக்குத் தனியாக இன்னொரு தடவை பயிற்சி கொடுத்தார்கள். இறங்குகிற ஒவ்வொரு ஊரிலும் நெஞ்சில் பஸ் நம்பர் ஒட்டுகிறார்கள். கையில் ஒரு நம்பர் தட்டியைத் தூக்கிக்கொண்டு வீப்கே என்ற ஜெர்மன்கார வழிகாட்டிப் பெண் முன்னால் ஓட, நாற்பது கிழடுகள் பின்னால் ஓட வேண்டும். கோபன்ஹேகனில் கடல்கன்னி சிலையைப் பார்த்தோம். எனக்குத் தெரிந்தது ஒரு முழங்கையும் நிறைய குடைகளும். தாலினில் கோட்டைச் சுவருக்குக் கீழே வறுத்த பாதாம் வாங்க நின்ற இடத்தில் எங்கள் ஏழாம் நம்பர் கூட்டத்தைத் தவறவிட்டு, பதினொன்றாம் நம்பரோடு போய், அவர்களுடைய மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டேன். கப்பலில் எல்லாரும் ஜெர்மன்காரர்கள். யூருனுக்குப் பள்ளிக்கூட ஜெர்மன் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஃபெர்ரியில் ஏறும் ஜெர்மன் வண்டிக்காரர்களுக்காகக் கற்றுக்கொண்ட மூன்று சொற்கள்: முன்னால் வா, நிறுத்து, ஹேண்ட்பிரேக் போடு. அதை வைத்துக்கொண்டு எட்டு நாள் ஓட்டினேன். சாப்பாட்டு மேஜையில் என்னை ஆழமானவன் என்று பேசிக்கொண்டார்களாம்.

ஒன்பதாம் நாள் காலை. முட்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், ஒலிபெருக்கியில் கேப்டன் பேசுகிறார். யூருன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். “என்னவாம்?” என்றேன். “காத்து பலமா இருக்காம். ஷெட்லாந்துல நிறுத்த முடியாதாம். அதுக்குப் பதிலா யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு அழகான நார்வே சின்ன ஊருக்குக் கூட்டிட்டுப் போறாராம்” என்று சொல்லி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். “நம்ம ஊருப்பா! லாங்விக்! டுக்னாட் நாள் வேற. ஓடிப் போய் எல்லாருக்கும் ஒரு ஹலோ சொல்லிட்டு வந்துடலாம்.”

கையிலிருந்த முட்டையைத் தட்டிலேயே வைத்தேன். அப்படியே உண்மையைச் சொன்னேன். முதுகு, தண்டுவடம், பாதிரியார், எல்லாம். யூருன் கோப்பையைக் கையில் எடுத்தாள். அப்புறம் காபியைக் குடித்து முடித்தாள்.

“அதாவது, ஊரைப் பொறுத்தவரைக்கும் நீ இப்போ ஆஸ்பத்திரியில.”

“ஆமா.”

“நான் உன் கட்டில் பக்கத்துல.”

“ஆமா.”

“அழுதுக்கிட்டா, சும்மாவா?”

“அது அவங்கவங்க கற்பனை, யூருன்.”

“நல்லது. நான் வெந்நீர்த் தொட்டிக்குப் போறேன். நீ இந்த ரூம்லயே படுத்துக்க. நோயாளிதானே, படு” என்று துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

படுத்திருப்பேன், அக்கா. சத்தியமாகப் படுத்திருப்பேன். ஆனால் ஃபெர்ரிக்காரன் எவனாவது பைனாகுலர் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவானா? கப்பல் ஃபியோர்டுக்குள் வந்து நங்கூரம் போட்டதும், மேல்தளத்துக்குப் போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று எங்கள் தெருவைப் பார்த்தேன். ஏணி தெரிந்தது. என் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்த ஏணி. அதன் மேல் ஒட்வார். கீழே பார்த்தால் என் வீட்டு வாசல்படியைக் காணோம். ஏழு படி, அக்கா. நான் என் கையால் அறுத்து, இழைத்து, அடித்த ஏழு படி. உன் முழங்காலுக்கு ஆகாது என்று மூன்று வருஷமாக நீ எங்கள் வீட்டுப் பக்கமே வராமல் இருக்கக் காரணமான அதே ஏழு படி. அவற்றைப் பெயர்த்துப் புல்லில் குவித்து வைத்திருந்தார்கள். எனக்குக் கண் சிவந்துவிட்டது. ஒரு வருஷம் பேசாமல் இருந்து, நான் சாகக் கிடக்கிறேன் என்று தெரிந்ததும் பழி வாங்க வந்துவிட்டான் பார் என்று நினைத்தேன்.

தனியாகப் போனால் துறையிலேயே மாட்டிக்கொள்வேன். முப்பத்தெட்டு வருஷம் நான் நின்ற துறை அது, அங்கே கடல்காக்கைக்குக்கூட என்னைத் தெரியும். எனவே கூட்டத்தோடு போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. கப்பலில் கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டின் தலைமூடியை மூக்குவரை இழுத்துவிட்டு, யூருனின் பெரிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, கழுத்துத் துண்டை வாய்வரை சுற்றி, நெஞ்சில் ஏழாம் நம்பரை ஒட்டிக்கொண்டு, கப்பலின் சிறு படகில் ஏறி, சொந்த ஊருக்குச் சுற்றுலாப் பயணியாகப் போய் இறங்கினேன். யூருன் மேல்தளத்தில் நின்று வெள்ளைத் துண்டை ஆட்டி வழியனுப்பினாள்.

திடீரென்று வந்து நின்ற கப்பலுக்கு எங்கள் ஊரில் காட்ட என்ன இருக்கிறது? சர்ச்சைப் பதினைந்து நிமிஷத்தில் காட்டி முடித்தார்கள். மீன் காயவைக்கும் கொட்டகை பூட்டியிருந்தது. ஊராட்சியில் யாருக்கோ யோசனை தோன்றி, உண்மையான நார்வே டுக்னாட்டைப் பாருங்கள் என்று பஸ்ஸை எங்கள் தெருவுக்கே திருப்பிவிட்டார்கள். அங்கே ஒரு சங்கடம். எங்கள் தெரு முனையில் இருக்கும் வளைவு உனக்கு நினைவிருக்கும். பஸ் பின்னுக்குப் போய்த்தான் நுழைய முடியும். டிரைவர் வெளியூர்க்காரர், இரண்டு தடவை முயன்று தூராவின் வேலியை உரசப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கினேன். இரண்டு கையையும் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, விரலை மடக்கி, இடது, இடது, கொஞ்சம் வலது, நேர், வா, வா, போதும் என்று கொண்டுவந்து நிறுத்தினேன். வேலிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. தெருக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். டிரைவரைப் பாராட்டுகிறார்கள், நம்மை யாரும் கவனிக்கவில்லை என்று நிம்மதியாகக் கூட்டத்துக்குள் புகுந்துகொண்டேன்.

வீப்கே தட்டியைத் தூக்கிப் பிடித்து ஏதோ விளக்க, தூரா எங்கள் மொழியிலேயே கைஜாடையோடு சேர்த்துச் சொன்னாள். “இந்த வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல. இனிமே நடக்க மாட்டாராம். சக்கர நாற்காலியிலதான் வருவாரு. அதான் படியை எடுத்துட்டு சாய்வு கட்டுறோம். வந்து இறங்குறப்போ கஷ்டப்படக் கூடாதுல்ல?” கொடிக்கம்பத்தைச் சுற்றி வளைந்து, லைலாக் செடியைத் தாண்டி, என் வாசல் கதவுவரை புத்தம் புதுப் பலகையில் ஒரு சாய்வுப் பாதை பாதி முடிந்து நின்றது. இரண்டு பக்கமும் கைப்பிடி வேறு. அக்கா, நான் பழி என்று நினைத்தது இதைத்தான். எங்கள் தெருவில் இருக்கிற மற்ற பதினான்கு வீட்டுக்காரர்களும், தங்கள் வேலியை விட்டுவிட்டு, என் வீட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நான் சொன்ன பொய்க்கு அவர்கள் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பயணிகளும் ஒரு கை கொடுக்கலாம் என்றார்கள். ஜெர்மன்காரர்கள் சிரித்தபடி ஆளுக்கு ஒரு ஆணி அடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒட்வார் ஏணியிலிருந்து இறங்கி, நேராக என்னிடம் வந்து, கையில் ஒரு பிரஷ்ஷையும் பெயின்ட் டப்பாவையும் கொடுத்து, பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். வடக்குச் சுவர். வெயிலே படாத, பாசி பிடித்த, நானே பத்து வருஷமாகத் தள்ளிப்போட்டு வரும் சுவர். பிரஷ்ஷை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று என் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தான். அப்புறம் அவனும் பக்கத்தில் நின்று அடிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே பேசினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஐயா, நீங்க வெளியூரு. நான் பேசுறது உங்களுக்குப் புரியாது. அதுவும் நல்லதுக்குத்தான். புரியுறவன்கிட்ட இதைச் சொல்ல முடியல. இந்த வீட்டுக்காரன் தோர்மோட் இருக்கானே, போன வருஷம் என்னைப் பத்தி ஊரே பார்க்க எழுதி ஒட்டினான். ஸ்பெயினுக்கு வெயில் காயப் போனேன்னு. என் தம்பி அங்கதான் இருந்தான், பதினோரு வருஷமா. ஒரு வாரம் தாங்குவான்னு டாக்டர் சொன்னாரு. ஒன்பது நாள் தாங்கினான். நான் பக்கத்துலயே இருந்தேன். வெயில்ல இல்ல, ஜன்னல் சாத்தின ரூம்ல. திரும்பி வந்தா தபால் பெட்டிக்கிட்ட அந்தக் காகிதம்.”

பிரஷ்ஷை டப்பாவில் நனைத்தான். நானும் நனைத்தேன்.

“கோபம் வந்துச்சுதான். ஆனா கோபத்தை விட, சொல்லணும்னு தோணுச்சு. நாலு தடவை இவன் வாசல்ல வந்து நின்னேன். ஏழு படியும் ஏறிட்டேன். கதவைத் தட்டல. தட்டினா இவன் பேச ஆரம்பிச்சுடுவான். இவன் பேச ஆரம்பிச்சா யாரு எதைச் சொல்ல முடியும்?”

அக்கா, அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். பச்சைக் கலர் வோல்வோ வைத்திருந்தான். ஃபெர்ரியில் எப்போதும் கடைசியாக வந்து, சிரித்துச் சமாளித்து ஏறிவிடுவான். அவன் செத்ததே எனக்குத் தெரியாது. எதிர்வீட்டில் ஒருத்தன் தம்பியைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறான், நான் மழையில் கலங்கிய எழுத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடிக்குள் எனக்குக் கண்ணீர் வழிந்தது. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நான் வெளியூர்க்காரன் ஆயிற்றே, எனக்கு இருப்பது மூன்று ஜெர்மன் சொற்கள்தானே. ‘நிறுத்து’ என்றேன். அவன் என்னைப் பார்த்தான். “சரி, நிறுத்திட்டேன்” என்று சொல்லிவிட்டு, மறுபடி சுவரைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தான். நானும் அடித்தேன். கைவலி வரும்வரை அடித்தேன்.

அப்புறம் வாஃபிள். என் தோட்டத்தில், என் பெஞ்சில், என் கோப்பையில் எனக்குக் காபி. ஜெர்மன்காரர்களுக்கெல்லாம் ஸ்ட்ராபெரி ஜாம் வைத்த தூரா, என் தட்டில் மட்டும், நான் ஒவ்வொரு டுக்னாட்டிலும் கேட்டு வாங்கும் பழுப்புச் சீஸை, கேட்காமலே இரண்டு துண்டு சீவி வைத்தாள். பசியில் அதை யோசிக்கவில்லை, ஐந்து தின்றேன். வீப்கே தட்டியை ஆட்டினாள். பஸ்ஸில் ஏறி, படகில் ஏறி, கப்பலுக்குப் போனேன். யூருன் என் முகத்தைப் பார்த்தாள், என் கையிலிருந்த வெள்ளைப் பெயின்ட்டைப் பார்த்தாள், தன் துண்டை என்னிடம் நீட்டினாள். மீதி மூன்று நாள் கடலில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்கு எதுவும் நினைவில்லை.

நேற்று வீடு திரும்பினோம். கைத்தடி ஊன்றி, முதுகை வளைத்து, அந்தச் சாய்வுப் பாதையில் நான் ஏறினேன். பதினான்கு வீட்டு ஜன்னல் திரைகளும் அசைந்தன. சாய்வுப் பாதை ரொம்ப அருமையாக இருக்கிறது, அக்கா, ஒரு இடத்தில்கூடக் கிறீச்சிடவில்லை. இப்போது என் நிலைமையைப் பார். ஒட்வாரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் அவன் தம்பி விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? அவன் அதைச் சொன்னது ஒரு ஜெர்மன் கிழவனிடம். மன்னிப்புக் கேட்டால் பொய் உடைந்துவிடும், பலகை அறுத்த பதினான்கு வீட்டுக்காரர்களும் என் முகத்தில் முழிக்க மாட்டார்கள். கேட்காமல் இருந்தால் நான் மனிதனே இல்லை. அதனால்தான் யோசித்து யோசித்து இதைக் கண்டுபிடித்தேன்: ஃபோன் வந்ததும் நீ அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லி, நாலாவதாக, ‘ஒட்வாரின் தம்பி இறந்துபோனதை பெர்கனில் யாரோ சொல்லி நான்தான் தோர்மோட்டுக்குச் சொன்னேன், பையன் ரொம்ப வருத்தப்பட்டான்’ என்று சேர்த்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். நாலு வாக்கியம். வேண்டுமானால் மீன் சூப்பை எடுத்துவிட்டு மூன்றாகவே வைத்துக்கொள். இதற்கு ஈடாக, நீ வைத்திருக்கும் படுதாவை எங்கள் வீட்டு ஜன்னலிலும் கட்டுகிறேன். கப்பல் புகை நிஜமாகவே மோசம்.

உன் முழங்காலுக்குக் கற்பூர எண்ணெய் தடவு. பூனையைக் குளிரில் விடாதே. பாட்டுக் குழுவில் எல்லாருக்கும் என் வணக்கம். யூருன் உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள்; நான் எழுதுவது என்ன என்று கேட்டாள், சொல்லவில்லை. கடவுள் உனக்கு நீண்ட ஆயுளையும், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் கொஞ்சம் மறதியையும் தர வேண்டும்.

உன் கீழ்ப்படிந்த தம்பி,
தோர்மோட்

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியது எதையும் செய்யாதே. உறையில் தபால்தலை ஒட்டியாகிவிட்டதால்தான் இதை அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு மை காய்வதற்குள் கதவு தட்டப்பட்டது. ஒட்வார். கைத்தடியைத் தேடினேன், அகப்படவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். “நிமிந்து நில்லுப்பா, நிஜமாவே வலி வந்துடப் போகுது” என்றான். கையில் டுக்னாட் வருகைப் பட்டியல். நான் இல்லாததால் இந்த வருஷம் அவன் எழுதியிருக்கிறான். என்னையும் சேர்த்துப் பதினைந்து வீடு, பதினைந்து பெயர். என் பெயருக்கு நேரே: ‘வந்தார். வடக்குச் சுவர், ஒரு பூச்சு. இரண்டாம் பூச்சு பாக்கி.’

“எப்போ தெரிஞ்சுது?” என்றேன்.

“பஸ்ஸை விட்டியே, அந்தக் கையைப் பார்த்ததும். முப்பத்தெட்டு வருஷமா அந்தக் கையைப் பார்த்துத்தானே நாங்க எல்லாம் காரை ஏத்தினோம். கைதட்டினது யாருக்குன்னு நினைச்சே, டிரைவருக்கா?”

“அப்போ சுவருக்கிட்ட நீ என்கிட்ட பேசினது...”

“உன்கிட்டதான் பேசினேன். நீ குறுக்கே பேசாம கேட்ட ஒரே நாள் அது. இன்னொரு நாள் கிடைக்குமா?”

மன்னிப்புக் கேட்டேன், அக்கா. ரொம்ப நீளமாகக் கேட்க ஆரம்பித்தேன். அவன் கையைத் தூக்கி, ஜெர்மனில், ‘நிறுத்து’ என்றான். நிறுத்தினேன். உள்ளே வந்து காபி குடித்தான். பச்சை வோல்வோவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். பெரும்பாலும் அவன்தான் பேசினான். சாய்வுப் பாதையைப் பிரித்துப் படியை மறுபடி அடித்துத் தரட்டுமா என்று கிளம்பும்போது கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை யார் ஃபோன் செய்தாலும் எடுக்காதே. எடுக்க நீ அங்கே இருக்கவும் கூடாது. காலை பஸ்ஸில் ஏறி இங்கே வா. தெரு முனையில் வந்து நான் கை காட்டுகிறேன். இனி எங்கள் வாசலில் படி இல்லை. மீன் சூப் மட்டும் கொண்டு வா, அந்த ஒரு வாக்கியமாவது உண்மையாகட்டும்.